செடியிடம் கேட்க வேண்டிய பெயர்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் நந்தியாவட்டை இல்லாத வாசல் குறைவு. பூசைக்கு வெள்ளைப் பூ, கண்ணுக்குக் குளிர்ச்சி, பெரிதாகப் பராமரிப்பும் வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகு அது தளதளவென்று துளிர்த்திருக்கும் நேரத்தில், ஒரு நாள் காலையில் நுனிக்கிளைகள் இரண்டு மூன்று மொட்டையாக நிற்கும். இலைகளுக்கு அடியில் தேடினால் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்தில் தடித்த பச்சைப் புழு ஒன்று கிடைக்கும். தலைக்குச் சற்றுப் பின்னால் கருப்பு விளிம்பிட்ட நீலமும் வெள்ளையுமான இரண்டு பெரிய கண்கள். வால்புறத்தில் மஞ்சள் கலந்த சிறு கொம்பு. குச்சியால் தொட்டால் தலையை உள்ளிழுத்து முன்னுடலை உப்பும். கண்கள் இன்னும் பெரிதாகி முறைக்கும். அவை கண்களே அல்ல, தோலில் உள்ள புள்ளிகள். உண்மையான கண்கள், தலையின் இருபுறமும் ஆறாறாக, கைக்கண்ணாடி இல்லாமல் தெரியாத அளவில் இருக்கின்றன. இதைப் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, ‘இது என்ன அபூர்வப் புழு, விஷமா?’ என்று கேட்காத தெரு இருக்க முடியாது. விஷமில்லை, அபூர்வமும் இல்லை. டாஃப்னிஸ் நெரி என்ற பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. ஆப்பிரிக்காவிலிருந்து தெற்காசியா வரை பரவிய, நம் ஊரில் நந்தியாவட்டையும் அரளியும் உள்ள இடமெல்லாம் வளரும் சாதாரண இனம். இந்தக் கட்டுரையின் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தோட்டத்தில் நாம் அபூர்வம் என்று நினைக்கும் புழுக்களில் பெரும்பாலானவை சாதாரண இனங்கள்தான். அவற்றை அந்த வயதில், அந்தக் கோலத்தில் நாம் இதற்கு முன் பார்த்ததில்லை, அவ்வளவே. ஆகவே நிறத்தையும் தோற்றத்தையும் முதல் சாட்சியாக வைத்துத் தொடங்கும் தேடல் பெரும்பாலும் தவறிப் போகிறது. முதல் சாட்சி செடி. அடுத்தது கால்கள். அதற்கடுத்துத்தான் நிறம்.

நிறத்தை ஏன் இவ்வளவு சந்தேகிக்க வேண்டும் என்பதற்குக் கறிவேப்பிலைச் செடியே போதிய சான்று. அதிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி ஆகிய இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தம் வாழ்நாளில் நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கின்றன. இளம் பருவங்களில் அவை கரும்பழுப்பு நிறத்தில், நடுவில் வெள்ளைத் திட்டோடு, இலையின் மேல்புறத்திலேயே வெட்டவெளியில் அமர்ந்திருக்கும். பார்ப்பவர் அதைப் பறவை எச்சம் என்று நினைத்து நகர்ந்துவிடுவார். பறவையும் அப்படித்தான் நினைக்கும். கடைசித் தோலுரிப்பு முடிந்ததும் அதே புழு இலைப்பச்சையாக, பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகளோடு வெளிவருகிறது. நேற்று ஒன்று, இன்று வேறொன்று என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வது இதனால்தான். பச்சைப் புழுவைச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிரிந்த சதைக்கொம்பு ஒன்று வெளியே நீண்டு, நெடியடித்துவிட்டு, மறுபடி உள்ளே போய்விடும். பார்க்காதவருக்கு இதுவும் ஓர் அதிசயம். நந்தியாவட்டைப் புழுவும் கூட்டுப்புழுவாகும் தறுவாயில் பச்சையை இழந்து கருமை கலந்த பழுப்பாகிறது. எள்ளிலும் கத்தரியிலும் வரும் இன்னொரு பருந்து அந்துப்பூச்சியின் புழுவோ ஒரே வயதிலேயே பச்சை, மஞ்சள், பழுப்பு என மூன்று நிறங்களில் தென்படும். ‘பச்சைப் புழு’ என்ற விவரிப்பை வைத்துக்கொண்டு ஒரு பூச்சியியலாளரிடம் போனால், அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ‘எந்தச் செடியில்?’ என்பதாக இருப்பது இதனால்தான்.

செடிக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் வேதியியல். செடிகள் தம்மைத் தின்ன வருபவற்றுக்கு எதிராகப் பாலும் கசப்பும் எண்ணெயும் நச்சும் சேர்த்து வைக்கின்றன. அந்த நச்சைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட பூச்சி இனம் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துச் செடிகளோடு நின்றுவிடுகிறது. தாய்ப்பூச்சி இலையில் இறங்கி முன்கால்களால் தட்டிச் சுவை பார்த்துவிட்டே முட்டை வைக்கிறது. எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம், விளா எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே இந்த நான்கிலும் ஒரே அழகிகள் வரலாம். நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி, எருக்கு எல்லாம் இன்னொரு பெரிய குடும்பம். தாமிரபரணிக் கால்வாய்க் கரைகளிலும் குளத்து மேடுகளிலும் கேட்பாரற்று வளரும் எருக்கைப் புரட்டிப் பாருங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள் மாறிமாறி வரும் வழவழப்பான புழு ஒன்று, முதுகில் மூன்று சோடிக் கரிய இழைகளோடு தின்றுகொண்டிருக்கும். அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலையின் நடுத்திட்டு அரளியிலோ வீட்டு அரளியிலோ நான்கு சோடி இழைகளோடு ஊதா கலந்த பழுப்பில் ஒன்று இருந்தால் அது வெண்புள்ளிக் கருப்பன். வெந்தய வரியன் எருக்கு நச்சை உடம்பில் சேர்த்து வைத்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. நந்தியாவட்டைப் புழு அதே குடும்பத்துச் செடியைத் தின்றாலும் பளிச்சென்ற எச்சரிக்கை நிறத்தை நம்பாமல், பச்சைக்குள் ஒளிந்து, கடைசி நேரத்தில் கண்ணைக் காட்டிப் பயமுறுத்தும் வழியைப் பிடித்துக்கொண்டது. இதே தர்க்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு உங்கள் பாளையங்கோட்டைத் தோட்டத்தில் கிடைத்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பத் தேவையில்லை. அது தின்பது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஓடையோரம் வளரும் மரவெட்டி மர இலையை. அந்த மரம் இல்லாத இடத்தில் அந்தப் புழுவுக்குச் சோறில்லை.

செடிக்கு அடுத்தது கால்கள். இந்த இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு மார்பில் மூன்று சோடி உண்மைக் கால்கள் உண்டு. வயிற்றுப் பகுதியில் சதைக்கால்கள் அதிகபட்சம் ஐந்து சோடி. அவை குறைந்தால் நடையே மாறிவிடும்: ஆமணக்கு இலையைச் சல்லடையாக்கும் காவடிப்புழு, நடுவில் கால்பிடி குறைவதால் உடலை வளைத்துத் தூக்கி நடக்கிறது. வயிற்றில் ஆறு சோடி அல்லது அதற்கு மேல் கால்கள் இருந்து, தலையின் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு கண் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சி வகையறாவே அல்ல. முள்ளங்கி, கடுகு இலைகளைத் தின்னும் ரம்ப ஈயின் புழுவாக இருக்கலாம். காலே இல்லாமல், அவரைக்கொடியின் அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே மெதுவாக நெளியும் பச்சைப் புழு ஒன்று இருந்தால், அதை நசுக்கப் போகும் கையைத் தடுப்பது நல்லது. மிதவை ஈ ஒன்றின் புழு அது, அசுவினியைத் தின்றுகொண்டிருக்கிறது. புழு என்ற ஒரே சொல்லுக்குள் செடியைத் தின்பதும், செடியைத் தின்பவற்றைத் தின்பதும் இருக்கின்றன. கால் எண்ணாமல் மருந்தடிப்பவர் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே கொல்கிறார்.

செடியை முதல் சாட்சியாக வைப்பதற்கு இரண்டு நியாயமான எதிர்ப்புகள் உண்டு. எல்லாப் புழுவும் செடிக்குக் கட்டுப்பட்டதல்லவே என்பது முதலாவது. சரிதான். விவசாயிகள் புரோடீனியா என்று சொல்லும் வெட்டுப்புழு நூற்றுக்கு மேற்பட்ட செடி வகைகளைத் தின்னும்: ஆமணக்கு, வாழை, தக்காளி, உளுந்து, தோட்டத்து ரோஜா எதுவும் விலக்கல்ல. தென்னை, மா, ஆமணக்கு இலைகளில் வரும் பச்சை முட்புழுவும் அப்படித்தான். கை பட்டால் நெருப்புப் போல எரியும். வெண்புள்ளிக் கருப்பனே அரளியை விட்டு நன்னாரிக்கும், குடும்பமே வேறான ஆலுக்கும் போகும். அதை அங்கே இழுப்பது இலையில் கசியும் பாலாக இருக்கலாம். ஆனால் இந்த விதிவிலக்குகளும் நம்மை நிறத்துக்குத் திருப்பி அனுப்பவில்லை. வெட்டுப்புழுவைப் பிடிப்பது அதன் பழக்கத்தால்தான். பழுப்பு ரோமம் மூடிய முட்டைக்குவியல், இலையின் பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டு வைக்கும் குஞ்சுக்கூட்டம், வளர்ந்தபின் பகலில் மண்ணுக்குள் பதுங்கி இரவில் ஏறித் தின்னும் தனிப் புழுக்கள். இந்த வரிசையைப் பார்த்தவருக்கு முதுகுக் கோடுகள் தேவைப்படாது. சுவரிலும் நடைபாதையிலும் அலையும் புழுவுக்குச் செடியை எங்கே தேடுவது என்பது இரண்டாவது எதிர்ப்பு. தின்று முடித்த புழு கூட்டுப்புழுவாக இடம் தேடித்தான் பெரும்பாலும் செடியை விட்டு இறங்குகிறது. ஆகவே அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதற்குச் சில அடிகளுக்குள் தடயம் இருக்கும். தரையைப் பார்க்க வேண்டும். பருந்து அந்துப்பூச்சிப் புழுக்களின் எச்சம் பெரியது, நீளவாட்டில் பள்ளங்கள் ஓடிய உருளைகளாக விழுந்து கிடக்கும். அதற்கு நேர் மேலே கடித்த கிளை இருக்கும்.

கைப்பேசி இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. நந்தியாவட்டைப் புழுவின் படத்தைக் கூகுள் லென்ஸிலோ ஐநேச்சுரலிஸ்ட்டிலோ போட்டால் சரியான பெயர் வந்துவிடும். உலகெங்கும் அதை ஆயிரக்கணக்கானோர் படம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதிகம் படம் எடுக்கப்படுபவை வளர்ந்த பூச்சிகள். புழுவிலும் கடைசிப் பருவம். பறவை எச்சம் போன்ற குஞ்சுப் பருவங்களில் இந்தச் செயலிகள் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். அதைவிடப் பெரிய குழப்பம் ஊர் மாறிப் போவது. இணையத்தில் குவிந்திருக்கும் தோட்டக்குறிப்புகளில் பெரும்பகுதி அமெரிக்காவினுடையது. ‘கொம்புள்ள பச்சைப் புழு’ என்று தேடினால் அங்கே தக்காளியைத் தின்னும் மாண்டுகா புழு வந்து நிற்கும். அந்த இனம் இந்தியாவில் இல்லை. எருக்குப் புழுவைத் தேடினால் மொனார்க் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு வரும். மொனார்க் புழுவுக்கு இரண்டு சோடி இழை, நம் வெந்தய வரியனுக்கு மூன்று என்று எண்ணினாலே வழக்கு முடிந்துவிடும். ஆனால் அந்த எண்ணிக்கையையும் ஊர் தெரிந்து பயன்படுத்த வேண்டும், ஏனெனில் கொடிப்பாலையில் வளரும் நம்மூர் நீல வரியனின் புழுவுக்கும் இரண்டு சோடிதான். எனவே செயலி சொல்லும் பெயரைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு மனுவாக எடுத்துக்கொண்டு, செடி, ஊர், பருவம் ஆகிய மூன்றும் அதை ஆதரிக்கின்றனவா என்று விசாரிப்பதுதான் முறை. மரபணு வரிக்குறியீடு பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்த அந்த முறை, உடலின் எந்தத் துண்டிலிருந்தும் இனத்தைச் சொல்லக்கூடியது. புழுவுக்கும் பூச்சிக்கும் இடையே உள்ள தோற்ற வேறுபாடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் ஒப்பிடுவதற்கு, பெயர் உறுதியான பூச்சிகளின் குறியீடுகள் முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத இனத்துக்கு ஆய்வுக்கூடமும் பெயர் சொல்லாது.

பெயர் உறுதியாவது எப்போது என்றால், புழு பூச்சியாகும்போதுதான். வளர்த்துப் பார்ப்பது இன்றும் கடைசிச் சான்றாக நிற்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1892க்கும் 1896க்கும் இடையில் ஹாம்ப்சன் எழுதிய பிரிட்டிஷ் இந்திய அந்துப்பூச்சி நூல் நான்கு தொகுதிகளாக வந்தது. அதன் அடிப்படை அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த பூச்சிகள். புழுக்களைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. மாறாக, வட கனராவில் வனத்துறை அதிகாரியாக இருந்த டி. ஆர். பெல் புழுக்களைத் தேடி எடுத்து வளர்த்துப் பூச்சியாக்கிப் பார்த்தவர். ஸ்காட்டுடன் சேர்ந்து அவர் எழுதி 1937இல் வெளிவந்த பருந்து அந்துப்பூச்சித் தொகுதியில் முட்டை, புழு, கூடு, உணவுச்செடி எல்லாம் விரிவாக இருப்பதால் அது இன்றும் கையில் எடுக்கப்படுகிறது. சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்த ஃப்ளெட்சர் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலும் பயிரோடு சேர்த்தே பூச்சியைப் பேசியது. வளர்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். அகலவாய்ப் பாட்டில், மேலே மெல்லிய துணி, தினமும் அதே செடியின் புது இலை, தினமும் எச்சம் அள்ளல். அழகிகளுக்குச் சாய்வாக ஒரு குச்சி. அதில் இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு கூடாகும். நந்தியாவட்டைப் புழுவுக்குச் சருகும் கொஞ்சம் மண்ணும். நம் வெயிலில் எலுமிச்சை அழகி முட்டையிலிருந்து பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இதிலும் ஏமாற்றம் உண்டு. ஒரு நாள் புழுவின் மேல் அரிசி போல வெள்ளையாகச் சின்னஞ்சிறு கூடுகள் ஒட்டியிருக்கும். புழு முட்டையிட்டுவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். புழுக்கள் முட்டையிடுவதில்லை. ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சுகள் உள்ளே தின்று வளர்ந்து வெளியே வந்து கட்டிய கூடுகள் அவை. வளர்த்தவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் அந்தப் புழு ஏன் பெருகிவிடுவதில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் வீட்டுத் தோட்டத்துக்கும் வயலுக்கும் பொருந்தும். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி ஒரு புழுவையும் எடுத்துவர முடியாது.

பெயரைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது, கண்டால் நசுக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர் விவசாயியாக இருந்தால் அவர் கேள்விக்கு எடை அதிகம். ஆனால் அவருக்குத்தான் பெயரும் அதிகம் தேவை. 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டு, 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதி மக்காச்சோளத்தில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மானாவாரி மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்தது. தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோடு என்ற அடையாளமே அப்போது அதிகம் பேசப்பட்டது. அந்தக் கோடு வேறு சில புழுக்களிலும் மங்கலாக உண்டு. வால்பக்கத்துக் கண்டங்களில் கடைசிக்கு முந்தியதில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகள்தான் நம்பத்தக்கவை, அதுவும் புழு ஓரளவு வளர்ந்த பிறகே தெளிவாகும். அதற்கு முன்பே குருத்தில் வரிசையான ஓட்டைகளும் மரத்தூள் போன்ற எச்சமும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கும் செடியும் பழக்கமும் நிறத்தை முந்திக்கொள்கின்றன. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து முருங்கையில் கதை வேறு. அங்கே கம்பளிப்புழுக்கள் பகலில் அடிமரத்தில் அடை அடையாகக் கூடியிருந்து, இரவில் மேலேறித் தின்கின்றன. அந்தப் பழக்கம் தெரிந்தவர்களே தீப்பந்தத்தால் ஒரே இடத்தில் கருக்கிவிடுகிறார்கள். ரோமம் தோலில் பட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்துவிட்டுச் சோப்பால் கழுவலாம், கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போவதுதான் வழி. வீட்டுக் கறிவேப்பிலையிலோ, இவ்வளவு எதுவும் தேவையில்லை. நாலு புழு என்றால் கையால் எடுத்துவிடலாம். மருந்தடித்தால் மறுநாள் குழம்பில் விழுவது அந்த இலைதான். வீட்டில் செடி வைத்ததன் பயனே போய்விடும். நந்தியாவட்டையோ மொட்டையான கிளையில் சில வாரங்களில் மறுபடி துளிர்த்துக்கொள்கிறது. மூன்று செடிக்கு மூன்று வேறு முடிவுகள். புழுவை அறியாமல் இதில் எதையும் சரியாக எடுக்க முடியாது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. இந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகள் ஏறக்குறைய 1,300 வகை, அந்துப்பூச்சிகள் 10,000க்கு மேல். கடைகளில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் முதல் கூட்டத்துக்கானவை. தோட்டத்தில் கிடைக்கும் புழுவோ பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. அகத்தியமலையின் அடிவாரத்தில், பாபநாசம், மணிமுத்தாறு வட்டாரத்தில் தோட்டமும் காடும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் உண்மையிலேயே யாரும் வளர்த்துப் பார்க்காத புழு கிடைப்பது சாத்தியமே. அப்போது வெறும் படத்தைவிட, ‘இந்தச் செடியில், இந்தத் தேதியில், இப்படித் தின்றுகொண்டிருந்தது, இந்தப் பூச்சியாக வெளிவந்தது’ என்ற நான்கு குறிப்புகள் பூச்சியியலாளருக்குப் பெரிய உதவி. மறுபுறம், புழுவையே பார்க்காமல் பெயர் சொல்லிவிடக்கூடிய இனங்களும் உண்டு. எலுமிச்சையின் இளந்தளிரில் வெள்ளி நிறத்தில் நெளிநெளியாக ஓடும் கோடு பலருக்கும் நோயாகவே தோன்றும். இலையின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டே போகும் இலைத்துளைப்பான் புழுவின் பாதை அது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தப் புழு வெளியே தலைகாட்டுவதே இல்லை. கடைசியில் இலை விளிம்பை மடித்து அதற்குள்ளேயே கூடாகி, பூச்சியான பிறகே பறந்து போகிறது. அதன் நிறம் என்ன, முதுகில் எத்தனை கோடு என்று யாரும் கேட்பதில்லை. எலுமிச்சை இலை, அதில் அந்தக் கோடு: புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சை விவசாயிக்கு இவ்வளவு போதும்.